யானை ஒரு ‘ஆள்’ ஆகுமா? ஆட்கொணர்வு மனுவும் கோயில் யானையும்

கொள்ளிடத்தான் (இழையைத் தொடங்கியவர்)

போன வெள்ளிக்கிழமை மகளைக் கூட்டிக்கொண்டு பக்கத்து ஊர்க் கோயிலுக்குப் போயிருந்தேன். எந்தக் கோயில் என்பது இங்கே வேண்டாம். மண்டபத்து ஓரத்தில் யானை நின்றது, பின்னங்கால் ஒன்றில் சங்கிலி. மகள் வாழைப்பழம் நீட்டினாள், அது நேரே வாய்க்குப் போனது. ஐந்து ரூபாய் நாணயம் நீட்டினாள், அதைத் துதிக்கை நுனியால் பொறுக்கி, திரும்பிக்கூடப் பார்க்காமல் பாகன் கையில் வைத்தது. நாம் எல்லோரும் சின்ன வயதிலிருந்து பார்த்ததுதான். அப்புறம் பாகன் டீ குடிக்கப் போனார். அவர் தலை மறைந்ததும் யானை ஆட ஆரம்பித்தது. இடப்பக்கம், வலப்பக்கம், மறுபடி இடப்பக்கம். இருபது நிமிடம் நின்று பார்த்தோம், ஆட்டம் நிற்கவில்லை. “அப்பா, அதுக்குக் கூட வேற யானையே கிடையாதா?” என்று மகள் கேட்டாள். எனக்குப் பதில் வரவில்லை.

வீட்டுக்கு வந்து தேடிப் படித்தபோது ஹாப்பி என்ற ஆசிய யானையின் வழக்கு கண்ணில் பட்டது. 1977 முதல் நியூயார்க்கின் பிராங்க்ஸ் விலங்குக் காட்சிசாலையில் இருந்த யானை. 2005-ல் அதன் முன்னால் ஆள் உயரத்துக்கும் மேலான கண்ணாடி ஒன்றை வைத்து, நெற்றியின் ஒரு பக்கம் வெள்ளையாகப் பெருக்கல் குறி போட்டார்கள். ஹாப்பி கண்ணாடியைப் பார்த்துவிட்டுத் தன் நெற்றியில் இருந்த குறியைத் துதிக்கையால் திரும்பத் திரும்பத் தொட்டது. கண்ணாடியில் தெரிவது இன்னொரு யானை இல்லை, தான்தான் என்று அதற்குத் தெரிந்திருக்கிறது. 2018-ல் ‘நான்ஹியூமன் ரைட்ஸ் ப்ராஜெக்ட்’ என்ற அமைப்பு அதற்காக ஆட்கொணர்வு மனு போட்டது. சட்டத்துக்குப் புறம்பாக அடைத்து வைத்த ஒருவரை நீதிமன்றத்தில் கொண்டுவந்து நிறுத்தச் சொல்லிக் கேட்கும் மனு அது. 2022 ஜூன் 14 அன்று நியூயார்க் மாநிலத்தின் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் 5-க்கு 2 என்ற கணக்கில் அதைத் தள்ளுபடி செய்தது. ஹாப்பி அறிவுள்ள உயிர், இரக்கத்துக்கு உரியது, ஆனால் அந்த மனு மனிதருக்கு மட்டுமே என்பது தீர்ப்பு.

தன்னைத் தானென்று அறிகிற ஓர் உயிரைத் தனியாகக் கட்டிவைப்பது தவறு என்று நான் நினைக்கிறேன். ‘அதற்கு என்ன தெரியும்’ என்று சொல்லிக் கடந்துபோக இனி என்னால் முடியாது. யானை, மனிதக்குரங்கு, ஓங்கில் (டால்பின்) போன்றவற்றைச் சட்டம் ‘நபர்’ என்று ஏற்க வேண்டுமா? உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

ஓவேலி

எங்கள் ஊரில் வந்து இதைக் கேளுங்கள். கூடலூர் பக்கம் தேயிலை எஸ்டேட் லைன் வீடு எங்களுடையது. பக்கத்து வீட்டு அத்தை விடியற்காலையில் தண்ணீர் பிடிக்கப் போனவர் திரும்பி வரவில்லை. குடம் நசுங்கிக் கிடந்தது. அதைச் செய்ததும் உங்கள் ‘நபர்’தானா? அப்படியென்றால் அது கொலையா?

சாலியமங்கலம்

நல்ல கேள்வி. நானும் பதிலுக்குக் காத்திருக்கிறேன்.

கருப்பு அங்கி

ஓவேலி, அத்தைக்கு நேர்ந்ததைப் படித்ததும் கொஞ்ச நேரம் எதுவும் எழுத வரவில்லை. உங்கள் கேள்விக்குக் கட்டாயம் வருகிறேன். அதற்கு முன் ஒரு சொல்லைச் சரிசெய்துகொள்வோம், இந்த விவாதம் எங்கே நடந்தாலும் அந்த இடத்தில்தான் சிக்கிக்கொள்கிறது.

சட்டத்தில் ‘நபர்’ என்றால் மனிதர் என்று பொருள் இல்லை. தன் பெயரில் வழக்குப் போட முடிகிற எதுவும் நபர். கம்பெனி நபர். கோயில் மூலவர் நபர், அதிலும் எப்போதுமே மைனராகக் கருதப்படும் நபர், அவருக்காகக் காப்பாளர் ஒருவர் வழக்காடுவார். பத்தூர் நடராசர் கதை பலருக்குத் தெரிந்திருக்கும். திருவாரூர் பக்கம் பத்தூரில் மண்ணுக்குள்ளிருந்து 1976-ல் கிடைத்த செப்புத் திருமேனி கைமாறிக் கைமாறி லண்டன் போய்ச் சேர்ந்தது. கனடாக் கம்பெனி ஒன்று அதை வாங்கியிருந்தது. லண்டன் நீதிமன்றத்தில் வழக்கு நடந்தபோது, இடிந்து கிடந்த பத்தூர் கோயிலே ஒரு வாதியாக நின்றது. அதற்கு வழக்காடும் தகுதி உண்டு என்று ஆங்கிலேய நீதிபதிகள் ஏற்றார்கள். 1991-ல் நடராசர் ஊர் திரும்பினார். பூசையே நின்றுபோயிருந்த ஒரு கற்குவியலுக்குக் கிடைத்த தகுதி, வலித்தால் பிளிறுகிற யானைக்குக் கிடையாது. இதை நான் வழக்கறிஞராக இருந்தும் இன்றுவரை ஏற்க முடியவில்லை.

இப்போது கொலைக் கேள்வி. பிரான்சில் ஃபலேஸ் என்ற ஊரில் 1386-ல் குழந்தையைக் கொன்ற ஒரு பன்றியை விசாரித்துத் தூக்கில் போட்டார்கள். விலங்கைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது அது. இன்று கேட்கப்படுவது அது இல்லை. மூன்று வயதுக் குழந்தை நபர், ஆனால் அதன்மேல் கொலை வழக்கு வராது. உரிமை இருக்கிற எல்லோருக்கும் கடமையும் இருக்க வேண்டும் என்பதில்லை. நியூயார்க்கில் டாமி என்ற சிம்பன்ஸி வழக்கில் 2014-ல், ‘சட்டக் கடமைகளைச் சுமக்க முடியாதது நபர் ஆகாது’ என்றுதான் தள்ளினார்கள். குழந்தையை நினைத்துப் பார்த்தால் அந்த வாதம் நிற்காது.

ஓவேலி

அண்ணே, சட்டம் புரிந்தது. என் வயிற்றெரிச்சல் வேறு. 2023-ல் காட்டு யானை அரிக்கொம்பன் கம்பத்துக்குள் இறங்கினான். சின்னக்கானலில் பிடித்துப் பெரியாறு காட்டில் விட்டு, அங்கிருந்து கம்பம் வந்து, ஜூன் மாதம் மறுபடி மயக்க ஊசி போட்டுக் களக்காடு முண்டந்துறைக்குக் கொண்டுபோனார்கள். அவனுக்காக அழுதவர்கள் எத்தனை பேர், நீதிமன்றம் போனவர்கள் எத்தனை பேர். கம்பத்தில் அவன் தாக்கி இறந்துபோனவரின் பெயர் இங்கே ஒருவருக்காவது நினைவிருக்கிறதா? யானைக்குப் பெயர் இருந்தது, செத்த மனிதர் வெறும் ‘ஒருவர்’.

எங்களை முதலில் நபராக நடத்துங்கள். பாதாளச் சாக்கடையில் இறங்கிச் சாகிறவரை நபராக நடத்துங்கள். யானைக்கு வரிசை அப்புறம் வரட்டும்.

தமிழாசிரியை

ஓவேலி சொன்னது எனக்கு வலித்தது. அதை மறுக்கப் போவதில்லை. என் துறையிலிருந்து ஒன்றை மட்டும் வைக்கிறேன்.

‘நபர்’ என்ற கேள்விக்கு நம் மொழியில் இரண்டாயிரம் ஆண்டுப் பழைய பெயர் திணை. தொல்காப்பியச் சொல்லதிகாரம் தொடங்குவதே அதில்தான்: “உயர்திணை என்மனார் மக்கட் சுட்டே, அஃறிணை என்மனார் அவரல பிறவே.” பிற்காலத்து நன்னூல் மக்களோடு தேவரையும் நரகரையும் சேர்த்து உயர்திணை என்றது. ஆக, பட்டியல் நீண்டிருக்கிறது. இன்னொரு பக்கம் பாருங்கள், ‘குழந்தை அழுதது’ என்றுதான் எழுதுகிறோம், ‘குழந்தை அழுதாள்’ என்று எழுதினால் மாணவர்களைத் திருத்துகிறோம். மனிதக் குழந்தைக்கே சொல்லளவில் அஃறிணை முடிபு. கோடு நாம் நினைக்கிற அளவுக்கு அசையாத கோடு இல்லை.

தொல்காப்பியத்தின் மரபியல் என்ற பகுதியில் இன்னும் வியப்பான ஓர் இடம் உண்டு. ஓரறிவு முதல் ஆறறிவு வரை அடுக்கிக்கொண்டு வந்து, “மக்கள் தாமே ஆறறி வுயிரே” என்று முடித்தபின், “ஒருசார் விலங்கும் உளவென மொழிப” என்று ஒரு நூற்பா சில பதிப்புகளில் இருக்கிறது. விலங்குகளிலும் ஒரு சாராருக்கு ஆறாவது அறிவு உண்டு என்கிறார்கள். பழைய உரையில் கிளி, குரங்கு, யானை என்று எடுத்துக்காட்டும் தரப்படுகிறது. வகுப்பில் இதைச் சொல்லும்போது பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

நரம்பியல் மாணவி

ஆசிரியைக்கு நன்றி, அந்த நூற்பா எனக்குப் புதுசு.

ஆனால் அறிவை அளந்து நபர் பட்டம் கொடுப்பது எனக்குப் பயமாக இருக்கிறது. ஹாப்பியோடு அதே சோதனைக்கு மேக்ஸீன், பேட்டி என்று இன்னும் இரண்டு யானைகள் நின்றன. அவை நெற்றிக் குறியைத் தொடவில்லை. அப்போது அவை இரண்டும் நபர் இல்லையா? கண்ணாடிச் சோதனையை 2019-ல் வெளியான ஓர் ஆய்வில் கிளீனர் ராஸ் என்ற விரலளவு மீன் தேறியது. கழுத்தடியில் குறியிட்டால், கண்ணாடியைப் பார்த்துவிட்டுப் போய் மணலில் உரசிக்கொண்டது. மீனை உள்ளே விட்டு, பேட்டியை வெளியே நிறுத்துவோமா?

மூளையை எண்ணினாலும் இதே கதைதான். ஆப்பிரிக்க யானையின் மூளையில் சுமார் 25,700 கோடி நரம்பணுக்கள், நமக்குச் சுமார் 8,600 கோடி. யானைதான் மேல் என்று தோன்றும். ஆனால் யானையின் நரம்பணுக்களில் நூற்றுக்கு 98 சிறுமூளையில் இருக்கின்றன. பெருமூளைப் புறணியை மட்டும் எண்ணினால் நமக்கு 1,600 கோடி, அதற்கு 560 கோடி. எந்த எண்ணை எடுக்கிறோமோ அந்தப் பதில் வரும்.

எனக்கு முக்கியமாகப் படுவது அதற்கு எது வலிக்கிறது என்பதுதான். வடக்கு வங்காளத் தேயிலைத் தோட்டங்களில் யானைக் கூட்டங்கள் இறந்த குட்டிகளை வடிகால் பள்ளங்களுக்கு இழுத்து வந்து, கால்கள் மேலே தெரிய மண்ணால் மூடியதை 2024-ல் பதிவு செய்தார்கள். ஐந்து குட்டிகள். அந்தப் படங்களைப் பார்த்த இரவு நான் படிக்கவில்லை. கொள்ளிடத்தான் பார்த்த ஆட்டம் இருக்கிறதே, அது அடைத்து வைத்த யானைகளிடம்தான் இருக்கும். காட்டில் கூட்டத்தோடு திரியும் யானை அப்படி ஆடுவதில்லை. தனிமை அதற்கு ஒரு நோய்.

தொழுவம்

வணக்கம். நான் அலங்காநல்லூர் பக்கம், மூன்று காளை வளர்க்கிறேன். ‘விலங்கு நபர்’ என்ற பேச்சு வந்தாலே எங்களுக்கு நெஞ்சு அடித்துக்கொள்கிறது. 2014-ல் உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டைத் தடை செய்தபோது, மாட்டின் மாண்பு, மாட்டின் உரிமை என்றுதான் எழுதினார்கள். அந்த மூன்று வருடத்தில் எத்தனை காளைகள் அடிமாட்டு லாரியில் ஏறின என்று எங்கள் ஊரில் கேட்டால் சொல்வார்கள். உரிமை என்று சொன்னவர்களில் ஒருவரும் அந்த லாரியை மறிக்க வரவில்லை. என் காளைக்குப் பேச யாரோ முகம் தெரியாதவர் வந்து நிற்பதை நான் ஒப்ப மாட்டேன். அவனுக்குக் காய்ச்சல் என்றால் ராத்திரி கூட இருப்பவன் நான்.

கருப்பு அங்கி

தொழுவம் ஐயா, 2023 மே மாதம் ஐந்து நீதிபதிகள் அமர்வு ஜல்லிக்கட்டை அனுமதிக்கும் தமிழ்நாட்டின் 2017 திருத்தச் சட்டத்தைச் செல்லும் என்றது. விலங்குக்கு அடிப்படை உரிமை உண்டு என்று சொல்ல முன்தீர்ப்பு எதுவும் இல்லை என்றும் அதிலேயே எழுதினார்கள். ஆக உச்ச நீதிமன்றத்தில் இன்றைய நிலை உங்கள் பக்கம்தான்.

ஆனால் நீங்கள் சொன்ன கடைசி வாக்கியம் இருக்கிறதே, அதுதான் இந்த இழையின் மையம் என்று எனக்குப் படுகிறது. யார் பேசுவது?

2018-ல் உத்தராகண்ட் உயர் நீதிமன்றம் பறவை, மீன் உட்பட எல்லா விலங்கும் சட்ட நபர், குடிமக்கள் எல்லோரும் அவற்றின் காப்பாளர் என்றது. எல்லோரும் காப்பாளர் என்றால் ஒருவரும் இல்லை என்றாகிவிடும். அர்ஜென்டினாவில் மெந்தோசா நகரத்து நீதிபதி 2016-ல் வேறு மாதிரி செய்தார். செசிலியா என்ற சிம்பன்ஸி, கூட இருந்த இரண்டும் இறந்துபோய்த் தனியாகக் கான்கிரீட் கூண்டில் இருந்தது. எல்லா விலங்குகளைப் பற்றியும் பேசாமல், செசிலியா என்ற ஒருத்தியை மட்டும் மனிதரல்லாத நபர் என்று ஏற்று, பிரேசிலில் உள்ள காப்பகத்துக்கு அனுப்பச் சொன்னார். 2017-ல் போய்ச் சேர்ந்தாள். அங்கே வேறு சிம்பன்ஸிகள் இருந்தன. எனக்கு அந்தத் தீர்ப்புதான் பிடித்திருக்கிறது. ஒரு உயிர், ஒரு கூண்டு, போக ஓர் இடம்.

நம் சட்டப்படி இன்று என்ன இருக்கிறது? 1960-ம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டம். அதன் 11-வது பிரிவில் முதல் குற்றத்துக்கு அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை. அந்தத் தொகைக்கு இன்று யானைக்கு ஒரு வேளைக் கரும்புகூட வாங்க முடியாது.

இன்னொன்று. 2020 ஜனவரியில் நம் உச்ச நீதிமன்றத்துக்கும் யானைக்காக ஓர் ஆட்கொணர்வு மனு வந்தது. லட்சுமி என்ற யானை. மனுப் போட்டது எந்த அமைப்பும் இல்லை, அவளை டெல்லியில் வைத்து வளர்த்த பாகன். வனத்துறை அவளை ஹரியானா முகாமுக்குக் கொண்டுபோயிருந்தது. ‘யானை இந்தியக் குடிமகனா?’ என்று கேட்டு மனுவை ஏற்க மறுத்துவிட்டார்கள். ஆட்கொணர்வு என்ற நம் சொல்லே ‘ஆளைக் கொண்டுவா’ என்பதுதான். யானை அந்தச் சொல்லுக்குள் வரவில்லை.

பாகன் மகன்

இவ்வளவு நேரம் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். கடைசிப் பதிவைப் படித்ததும் எழுதத் தோன்றியது.

எங்கள் அப்பா 31 வருடம் ஒரு கோயில் யானைக்குப் பாகன். பெயர் வேண்டாம், கோயிலும் வேண்டாம். எங்கள் வீட்டில் யாரும் அவளை ‘அது’ என்று சொன்னதில்லை. ‘அவ சாப்பிட்டாளா’ என்றுதான் அம்மா கேட்பார். ஆசிரியை சொன்ன திணை எங்கள் வீட்டில் எப்போதோ மாறிவிட்டது.

கல் தரையில் நின்று நின்று அவள் உள்ளங்கால் தேய்ந்து, நகக்கண்ணில் சீழ் வைக்கும். அப்பா வெதுவெதுப்பான தண்ணீரில் மஞ்சள் போட்டுக் கழுவி, வேப்பெண்ணெய் தடவுவார். அந்த நேரம் அவளாகவே காலைத் தூக்கி அவர் தொடைமேல் வைப்பாள். நாலு டன் உடம்பு. பாரத்தை இறக்காமல் மூன்று காலில் நிற்பாள். பத்து நிமிடம் அப்படியே நிற்பாள். இதற்கு அறிவு என்று பெயரா, அன்பு என்று பெயரா, எனக்குத் தெரியாது.

கோயில் யானைகளுக்காகத் தேக்கம்பட்டியில் நடந்த புத்துணர்வு முகாமுக்கு நானும் இரண்டு தடவை போயிருக்கிறேன். 48 நாள், பவானி ஆற்றங்கரை. முதல் நாள் லாரியிலிருந்து இறங்கியதும் பக்கத்து ஊர்க் கோயில் யானை ஒன்று நின்றது. முந்தைய வருடம் பழகியவள். இரண்டு பேரும் துதிக்கையை ஒருத்தர் வாய்க்குள் ஒருத்தர் விட்டுக்கொண்டு நின்றார்கள், காதை விசிறிக்கொண்டு. அப்பாவைத் திரும்பிப் பார்க்கவில்லை. அந்த 48 நாளும் அவள் ஆடி நான் பார்க்கவில்லை. திரும்புகிற அன்று லாரிப் பலகையில் முன்னங்காலை வைத்தாள், எடுத்தாள், வைத்தாள், எடுத்தாள். மூன்று மணி நேரம். கடைசியில் அப்பா முன்னால் ஏறி உள்ளே போய் உட்கார்ந்துகொண்டார். அதன்பின் ஏறினாள். ஊர் வந்து சேரும்வரை அப்பா யாரிடமும் பேசவில்லை.

தனியாக வைப்பது தவறு என்று அப்பாவுக்குத் தெரியும். அன்றைக்கே தெரியும்.

ஓவேலி

பாகன் மகன் அண்ணே, உங்கள் பதிவை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். எங்கள் ஊரில் யாரும் யானையை வெறுப்பதில்லை. அத்தை செத்த மூன்றாம் நாள் அதே கூட்டம் குட்டியோடு ரோட்டைக் கடந்தபோது, அம்மாவே ‘பார்த்துப் போங்கம்மா’ என்று கும்பிட்டார். எஸ்டேட் வருவதற்கு முன்னால் அது அவர்கள் வழி என்று எங்களுக்கும் தெரியும்.

எனக்கு ‘நபர்’ என்ற சொல் இன்னும் வாயில் வரவில்லை. ஆனால் காட்டில் இருக்கிற யானையும் சங்கிலியில் இருக்கிற யானையும் ஒரே கேள்வி இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். சங்கிலியில் இருப்பதைத் தனியாக வைக்கக் கூடாது. அதற்கு எந்தப் பட்டமும் வேண்டியதில்லை, ஒரு உத்தரவு போதுமே?

கருப்பு அங்கி

தங்கச்சி, உத்தரவு இருக்கிறது. கோயில் மற்றும் தனியார் யானைகளைப் பராமரிக்க 2011-ல் தமிழ்நாடு அரசு விதிகளே வகுத்தது. விதியை மீறினால் யார் நீதிமன்றம் போவது என்பதுதான் ஓட்டை. யானை போக முடியாது. பொதுநல வழக்கு என்று யாராவது போனால், அதில் யானை ஒரு பொருள், வாதி இல்லை. நபர் என்றால் அவளே வாதி. மனுநீதிச் சோழன் கதையில் பசு தானே மணியை இழுத்தது. யாரும் அதைப் பார்த்து ‘நீ குடிமகளா’ என்று கேட்கவில்லை. அந்தச் சோழனின் சிலை எங்கள் உயர் நீதிமன்ற வளாகத்திலேயே நிற்கிறது. தினமும் அதைக் கடந்துதான் போகிறேன்.

நரம்பியல் மாணவி

கும்கி கலீமை நினைத்துக்கொண்டேன். கோழிக்கமுத்தி முகாம் யானை, காட்டு யானைகளைப் பிடிக்கும் 99 பணிகளில் இருந்தவன். 2023 மார்ச்சில் 60 வயதானதும் வனத்துறையினர் வரிசையில் நின்று அணிவகுப்பு மரியாதை கொடுத்துப் பணி ஓய்வு தந்தார்கள். ஓய்வு பெறும் வயது, மரியாதை எல்லாம் ஏற்கெனவே ஓர் ஊழியருக்குக் கொடுப்பதுபோலக் கொடுக்கிறோம்.

தொழுவம்

யானை விசயம் எனக்கு ஒப்புதல். காளையை இதில் இழுக்காத வரைக்கும்.

கொள்ளிடத்தான்

எல்லோருக்கும் நன்றி. தொடங்கும்போது கண்ணாடிச் சோதனையைத்தான் பெரிதாக நினைத்திருந்தேன். மாணவி சொன்னபின் அதை விட்டுவிட்டேன். பேட்டி குறியைத் தொடாவிட்டாலும் தனிமை அவளுக்கும் தனிமைதான். ஓவேலியின் வரிசைக் கேள்விக்கு மட்டும் என்னிடம் முழுப் பதில் இல்லை. சாக்கடையில் சாகிறவரும் கட்டிவைத்த யானையும் ஒரே வரிசையில் முன்னும் பின்னும் நிற்கிறார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை, அவ்வளவுதான் சொல்ல முடிகிறது.

எங்கள் பக்கத்து யானைக்காக அறநிலையத் துறைக்கு ஒரு மனு எழுதலாம் என்றிருக்கிறேன். குறைந்தபட்சம் இரண்டு யானைகளை ஒரே இடத்தில் வைக்கச் சொல்லி. கருப்பு அங்கி அண்ணன் வரைவைப் பார்த்துத் தருவாரா? பாகன் மகன், நீங்களும் பார்க்க வேண்டும்.

பாகன் மகன்

பார்க்கிறேன். அதற்கு முன் ஒன்று. அப்பா ஓய்வு பெற்றபோது ‘அவளை நன்றாகப் பார்த்துக்கொள்வோம்’ என்று பெரிய அதிகாரிகள் எல்லாம் கையெழுத்துப் போட்டார்கள். எந்தக் காலில் வலி, எந்தச் சத்தத்துக்குப் பயம், தென்னை மட்டையில் எந்தப் பக்கத்தை உரித்துத் தின்பாள் என்று ஒருவரும் அப்பாவிடம் கேட்கவில்லை. புதிதாக வந்த பாகனும் கேட்கவில்லை, அவருக்குக் கேட்கச் சொல்லிக் கொடுப்பாரும் இல்லை. அவளுக்காகப் பேசும் காப்பாளர் யார் என்று மனுவில் எழுதும் இடம் வரும் இல்லையா, அங்கே கால்நடை மருத்துவர், அதிகாரி, வழக்கறிஞர் என்று போட்டுவிட்டு நிறுத்திவிடாதீர்கள். அவளோடு இருந்த பாகனையும் எழுதுங்கள்.